பழைய வண்ணாரப்பேட்டையில் பாதி வேலை முடிந்த நாலு போர்ஷன் வீடு: அட்வான்ஸ் கொடுக்கும் முன் எதைத் தட்டிப் பார்ப்பது?

#1 அரைகிரவுண்டு

பழைய வண்ணாரப்பேட்டையில், எம்.சி. ரோட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு வீடு விலைக்கு வந்திருக்கிறது. 16 அடி முகப்பு, 75 அடி ஆழம், 1200 சதுர அடி, அதாவது அரை கிரவுண்டு. இரண்டு பக்கமும் ஒட்டு வீடுகள். மொத்தம் நாலு போர்ஷன். கீழ் முன்போர்ஷன் புதுசு பண்ணியாகிவிட்டது: விட்ரிஃபைட் டைல்ஸ், ஃபால்ஸ் சீலிங், மாடுலர் கிச்சன். கீழ் பின்போர்ஷன் பழையபடியே, மெட்ராஸ் டெரஸ் கூரை (மரச் சட்டத்தின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும்), லீஸுக்கு (மாத வாடகைக்குப் பதில் மொத்தமாக ஒரு தொகை) ஒரு குடும்பம் இருக்கிறது. மாடி முன்போர்ஷன் புது ஆர்சிசி (கம்பி கட்டிய கான்கிரீட்) தளம், பூச்சு பாதியில் நிற்கிறது. மாடி பின்போர்ஷன் தகரக் கூரை, வாடகைக்கு விட்டிருக்கிறார்கள்.

விற்பவர்கள் நாலு உடன்பிறந்தவர்கள். அப்பா 1996-ல் உயில் எழுதாமல் இறந்தார். தங்கை ஒருவர் சிங்கப்பூரில். கேட்கும் விலை 1.35 கோடி. "முக்கால்வாசி வேலை முடிஞ்சாச்சு, மிச்சம் பூச்சும் பெயின்டும்தான்" என்கிறார் புரோக்கர். முன்போர்ஷனில் குடியிருந்துகொண்டு மற்ற மூன்றையும் வாடகைக்கு விடுவதாகத் திட்டம். எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

#2 கொத்துக்கரண்டி

புரோக்கர் முடிந்ததாகச் சொல்லும் இடத்திலிருந்தே ஆரம்பியுங்கள். பழைய போர்ஷனில் விரிசல், ஓதம், கரையான் எல்லாம் கண்ணுக்கு நேராகத் தெரியும். அதற்குத் தகுந்த விலையை நீங்களே பேசிவிடலாம். புதுசு பண்ணிய போர்ஷனில் அவை டைல்ஸுக்குக் கீழும் ஜிப்சம் போர்டுக்கு மேலும் ஒளிந்திருக்கும்.

முதல் கேள்வி: மாடி முன்போர்ஷனின் ஆர்சிசி தளம் எதன் மேல் உட்கார்ந்திருக்கிறது? இந்தத் தெருக்களில் பழைய சுவர் சுண்ணாம்புக் கலவையில் கட்டிய 9 அங்குலமோ 13½ அங்குலமோ இருக்கும். காலம் தள்ளிய கலவை மணலாக உதிரும். கீழே தூண் எழுப்பி, பீம் போட்டுத் தளம் போட்டிருந்தால் ஒரு கதை. பழைய சுவரின் தலையைச் சமன் செய்து நேரே தளத்தை ஏற்றியிருந்தால் வேறு கதை. கீழ் ஹாலில் நின்று நாலு மூலையையும் பாருங்கள். தூண் இருந்தால் சுவரிலிருந்து கொஞ்சமாவது துருத்தும், அல்லது தட்டினால் சத்தம் மாறும். எதுவுமே இல்லை என்றால் தூண் இல்லை என்றே வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். வேலை செய்த மேஸ்திரியிடம் பேச முடிந்தால் கம்பி எத்தனை மில்லி, எவ்வளவு இடைவெளி, அஸ்திவாரம் தோண்டினார்களா என்ற மூன்றை மட்டும் கேளுங்கள். தோண்டியதாகச் சொன்னால் எத்தனை அடி என்று கேளுங்கள். தோண்டியவர் யோசிக்காமல் பதில் சொல்வார்.

இரண்டாவது, தரை. பழைய ரெட் ஆக்சைடு தரையைக் கொத்தாமல் மேலேயே டைல்ஸ் ஒட்டியிருப்பார்கள். அதனால் வாசற்படி உயரம் குறைந்து, கதவின் அடியைச் சீவியிருப்பார்கள். கதவின் கீழ் ஓரம் புதுசாக வெள்ளையாகத் தெரிந்தால் அதுதான். டைல்ஸை ஒரு ரூபாய் நாணயத்தால் தட்டிக்கொண்டே நடங்கள். பொக்கென்று கேட்கும் இடங்களைச் சாக்பீஸால் குறியுங்கள். குறிகள் சுவர் ஓரமாகவே வரிசையாக விழுந்தால் தரை இறங்குகிறது. அங்கங்கே சிதறி விழுந்தால் ஒட்டியவர் கைவேலை சரியில்லை, அவ்வளவுதான்.

மூன்றாவது, சுவர் ஓதம். சுண்ணாம்புப் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு சிமென்ட் பூச்சு, அதன் மேல் புட்டி, அதன் மேல் எமல்ஷன். தரையிலிருந்து ஏறும் ஈரத்துக்கு வெளியே போக வழி இல்லாததால் அது இன்னும் மேலே ஏறும். 3 அடிக்கு மேல் புட்டி உப்பியிருந்தால் இதுதான் காரணம். பெயின்ட் அடித்து ஒரு மழைக்காலம் முடியாத சுவரை நம்பவே கூடாது.

#3 தட்டோடு

மேலே சொன்னதோடு முழுக்க உடன்படுகிறேன். மெட்ராஸ் டெரஸ் பற்றி நான் சேர்க்க வேண்டியது நிறைய இருக்கிறது, ஏனென்றால் பலரும் அதைப் பார்த்ததும் "இடிச்சுடுங்க" என்று சொல்லிவிடுகிறார்கள்.

அது எப்படிப் போட்டது என்று தெரிந்தால் எங்கே கெடும் என்றும் தெரியும். சுவருக்குச் சுவர் தேக்குச் சட்டங்கள். அவற்றின் மேல் சின்னச் செங்கல்லைக் குறுக்குக் கோணத்தில் நிற்கவைத்துச் சுண்ணாம்புக் கலவையில் கட்டியது. அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து அடித்துக் கெட்டித்தது. எல்லாவற்றுக்கும் மேலே தட்டோடு, அதாவது தட்டையான சுட்ட ஓடு. இதற்கு ஐ.எஸ். 2119 என்று தனித் தரக்குறியீடே உண்டு. மொத்தக் கனம் 8, 9 அங்குலம். 10-க்கு 12 அடி அறை என்றால் தலைக்கு மேல் கிட்டத்தட்ட 4 டன் நிற்கிறது. சட்டம் நல்ல நிலையில் இருந்தால் அதைத் தாங்கிக்கொண்டு தலைமுறைகள் நிற்கும்.

கெடுகிற இடம் சட்டத்தின் நடு இல்லை, நுனி. சுவருக்குள் புதைந்த 6 அங்குலம். மேலே தட்டோட்டின் இணைப்பு விட்டு, கைப்பிடிச் சுவர் ஓரமாகத் தண்ணீர் இறங்கினால் நுனிதான் முதலில் உளுக்கும். ஒரு ஸ்குரூ டிரைவர் எடுத்துக்கொண்டு போங்கள். ஒவ்வொரு சட்டத்தையும் சுவரைத் தொடும் இடத்தில், அடிப்பக்கமாக, கை பலத்தோடு குத்துங்கள். அரை அங்குலத்துக்கு மேல் இறங்கினால் அந்தச் சட்டம் போச்சு. எத்தனை சட்டத்தில் எத்தனை போச்சு என்று எழுதிக்கொள்ளுங்கள். பன்னிரண்டில் இரண்டு என்றால் ஆசாரியும் கொத்தனாரும் முட்டுக் கொடுத்து மாற்றிவிடுவார்கள். பாதி போயிருந்தால், சட்டங்களுக்கு அடியில் குறுக்காக இரும்பு ஐ-பீம் கொடுத்து, பீம் உட்காரும் இடத்தில் சுவருக்குள் கான்கிரீட் கட்டை போட வேண்டும். பீமை வெறும் சுண்ணாம்புச் செங்கல்லில் உட்காரவைத்தால் அந்த இடம் நசுங்கும்.

உங்கள் வீட்டில் கீழ் முன்போர்ஷனுக்கு ஃபால்ஸ் சீலிங் போட்டிருப்பது எனக்கு உறுத்துகிறது. மேலே ஆர்சிசி தளம் புதுசு என்கிறீர்கள். அது மாடியின் தலைக்கு மேல் உள்ள தளமா, இரண்டு மாடிக்கும் இடையில் உள்ள தளமா? இடைத்தளம் இன்னும் மெட்ராஸ் டெரஸாக இருந்து, அதை ஜிப்சம் போர்டால் மூடியிருக்கலாம்.

அப்படி இருந்தால் மாடியில் புதுசாக வந்த பாத்ரூமைப் பாருங்கள். குழாய் ஓடுவதற்காகத் தரையை 9 அங்குலம் உயர்த்தி உடைகல் கொட்டியிருப்பார்கள். 4-க்கு 6 அடி பாத்ரூம் என்றால் 18 கன அடி, முக்கால் டன்னுக்கு மேல். மேலே 1000 லிட்டர் டேங்க் வைத்தால் இன்னொரு டன். இவ்வளவும் உளுத்த நுனிகளின் மேல்.

#4 மூலபத்திரம்

சார், கட்டடத்தைக் கடைசியில் பாருங்கள். உங்கள் பதிவில் எனக்குப் பெரிதாகத் தெரிவது "1996-ல் உயில் இல்லாமல்" என்ற ஒரு வரி.

அப்பாவின் சுயசம்பாத்தியச் சொத்து என்றால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன்கள், மகள்கள் எல்லோருக்கும் சம பங்கு. அப்பா இறந்தபோது அவருடைய தாய் உயிரோடு இருந்திருந்தால் அவருக்கும் ஒரு பங்கு. நாலு உடன்பிறந்தவர்கள் என்றால் கணக்கு நாலோடு முடிகிறதா என்று பாருங்கள். அப்பாவுக்குப் பின் இறந்த மகள் ஒருவர் இருந்தால், அவர் கணவரும் பிள்ளைகளும் கையெழுத்துப் போட வேண்டும். அப்பாவுக்கு முன்பே இறந்திருந்தால் அவருடைய பிள்ளைகள். வாரிசுச் சான்றோடு இறப்புச் சான்றுகளை எல்லாம் தேதி வரிசையில் அடுக்குங்கள். ஓட்டை இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

"மூணு பேர் கையெழுத்து இப்போ, தங்கச்சி அப்புறம்" என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். பிரிக்கப்படாத குடும்ப வீட்டில் ஒரு பங்கை வெளியார் வாங்கினால், சொத்து மாற்றுச் சட்டம் பிரிவு 44-ன்படி வீட்டுக்குள் கூட்டு அனுபவம் கேட்க அவருக்கு உரிமை இல்லை. அவர் பாகப்பிரிவினை வழக்குப் போட்டால், அவர் பங்கை மதிப்புப் போட்டுத் தாங்களே வாங்கிக்கொள்ளப் பாகப்பிரிவினைச் சட்டம் பிரிவு 4 குடும்பத்தாருக்கு வழி தருகிறது. முக்கால் பணம் கொடுத்துவிட்டு வாசலில் நிற்பீர்கள்.

சிங்கப்பூர்த் தங்கை பவர் (தன் சார்பில் கையெழுத்துப் போட இன்னொருவருக்கு அதிகாரம் தரும் பத்திரம்) அனுப்பினால், அங்கே இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்று, இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்தியிருக்க வேண்டும். பவரில் இந்தச் சொத்தின் முழு விவரமும், விற்கவும் பணம் பெறவும் அதிகாரமும் தனித்தனியாக இருக்கிறதா என்று படியுங்கள்.

வில்லங்கச் சான்று இணையத்தில் ஒரு குறிப்பிட்ட ஆண்டு முதல்தான் கிடைக்கும். அதற்கு முந்தையது கையால் தேட வேண்டும், மனு போடுங்கள். ஆனால் பதியாத லீஸ், பதியாத உயில், நிலுவை வழக்கு எதுவும் அதில் வராது. அசல் மூலப் பத்திரத்தைக் கண்ணால் பாருங்கள். ஜெராக்ஸ் மட்டும் காட்டினால் அசல் எங்கோ அடமானத்தில் இருக்கிறது என்றே முதலில் சந்தேகிக்க வேண்டும்.

இன்னொன்று, அடிமனை. சென்னையின் பழைய பகுதிகளில் மனை கோயிலுக்கோ டிரஸ்டுக்கோ, கட்டடம் மட்டும் குடும்பத்துக்கு என்று இருக்கும் வீடுகள் உண்டு. பத்திரத்தில் "மனையும் கட்டடமும்" என்று இருக்கிறதா, "கட்டடப் பாத்தியம்" மட்டுமா என்று சொல் சொல்லாகப் படியுங்கள்.

#5 அரைகிரவுண்டு

நன்றி சார். பத்திரம் மனையும் கட்டடமும்தான். ஆனால் ஒரு குழப்பம். பத்திரத்தில் கிழமேல் 16 அடி, தென்வடல் 75 அடி. டவுன் சர்வே பதிவேட்டு நகலில் 104 சதுர மீட்டர். 1200 சதுர அடி என்றால் 111.5 வர வேண்டும் இல்லையா?

#6 மூலபத்திரம்

வர வேண்டும். குறைவது 7.5 சதுர மீட்டர், சுமார் 80 சதுர அடி. அதை 75 அடி நீளத்தால் வகுத்தால் 13 அங்குலம். ஒரு பழைய சுவரின் கனம்! சர்வேயில் ஒரு பக்கச் சுவரை முழுக்க அடுத்த வீட்டோடு சேர்த்து அளந்திருக்க வாய்ப்பு அதிகம்.

பத்திரத்தில் நான்கெல்லை விவரத்தில் "கீழ்ச்சுவர் பொது, மேல்சுவர் தன் பாத்தியம்" என்பதுபோல ஒரு வரி இருக்கும், தேடுங்கள் (கீழ் என்றால் கிழக்கு, மேல் என்றால் மேற்கு). அடுத்த வீட்டின் பத்திர நகலையும் போட்டு எடுங்கள், அதில் அதே சுவரை என்ன சொல்கிறார்கள் என்று ஒத்துப் பாருங்கள். விற்பவர்களே சர்வேயரை அழைத்து அளந்து, திருத்தி, தங்கள் பெயரில் பட்டா வாங்கித் தரட்டும். வாங்கிய பிறகு நீங்கள் போனால் அடுத்த வீட்டுக்காரரோடு புதுச் சண்டையாக அது தொடங்கும்.

#7 தட்டோடு

சுவர் யாருடையது என்று சுவரே கொஞ்சம் சொல்லும். உங்கள் பின்போர்ஷன் சட்டங்கள் அந்தச் சுவரில் ஏறியிருக்கின்றனவா? எதிர்ப்பக்கம் அடுத்த வீட்டுச் சட்டங்களும் அதே சுவரில் ஏறியிருந்தால் அது பொதுச்சுவராகத்தான் நடந்து வந்திருக்கிறது. இது பட்டாவுக்குச் சாட்சி ஆகாது, ஆனால் நாளைக்கு அந்தச் சுவரில் கை வைப்பதற்கு முன் தெரிந்திருக்க வேண்டும்.

#8 மாடிப்படி

லீஸ் குடும்பத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே? இந்த டீலில் உடைகிற இடம் அதுதான்.

அண்ணா, லீஸ் தொகை எவ்வளவு, யார் வாங்கினார், காகிதம் இருக்கிறதா என்று வீட்டுக்காரரிடம் கேட்காதீர்கள். குடியிருப்பவரிடம் கேளுங்கள். வீட்டில் ஒருவர் குடியிருக்கிறார் என்பதே அவருடைய உரிமை பற்றி உங்களுக்கு அறிவிப்புக் கொடுத்ததற்குச் சமம் என்று சட்டம் சொல்கிறது. "எனக்குத் தெரியாது, வில்லங்கத்தில் வரலை" என்று பின்னால் சொல்ல முடியாது. பழைய சொந்தக்காரர் வாங்கிய லீஸ் பணத்தைக் குடியிருப்பவர் உங்களிடம்தான் கேட்பார்.

ஒப்பந்தத்தில் ஒவ்வொரு குடியிருப்பவரின் பெயர், போர்ஷன், முன்பணம் அல்லது லீஸ் தொகை, மாத வாடகை எல்லாம் அட்டவணையாக வரட்டும். லீஸ் தொகையை விலையிலிருந்து கழித்து, பத்திரப் பதிவு அன்று நீங்களே வங்கி வழியாகக் குடியிருப்பவருக்குக் கொடுத்து, சாவியும் ரசீதும் வாங்குங்கள். "காலி செஞ்சு தர்றோம்" என்று வாயால் சொன்னதை நம்பிப் பதிவு செய்யாதீர்கள்.

மாடி வாடகைக்காரர் தொடர்ந்து இருக்கட்டும் என்றால், புது வாடகைச் சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் போட்டு வாடகை அதிகார அமைப்பில் பதியுங்கள். 2017-ஆம் ஆண்டுச் சட்டம், 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது.

#9 முப்பதுமில்லிஆம்ப்

கரண்டுக்கு வருவோம். நாலு போர்ஷனுக்கு எத்தனை மீட்டர்? நாலு என்றால் ஒவ்வொன்றாக மெயினை அணைத்து, எந்த மீட்டர் எந்த போர்ஷன் என்று பாருங்கள். இதுபோன்ற வீடுகளில் மாடி பாத்ரூம் கீழ்வீட்டு மீட்டரிலும் மோட்டார் யாரோ ஒருவர் மீட்டரிலும் ஓடுவது சகஜம்.

அடுத்தது நியூட்ரல். பாதி மட்டும் புது வயரிங் செய்த வீட்டில் பழைய போர்ஷனின் நியூட்ரலை இரண்டு மீட்டர்களுக்கும் பொதுவாக இழுத்திருப்பார்கள். புது டிபி-யில் (சுவிட்சுகள் உள்ள விநியோகப் பெட்டி) 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்) போட்டவுடன் காரணமே இல்லாமல் ட்ரிப் ஆகும். எலக்ட்ரீஷியன் என்ன செய்வார்? ஆர்சிசிபி-யைக் கழற்றிவிட்டு நேரே இணைத்துவிடுவார். அதனால் டிபி மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். ஆர்சிசிபி இருந்தால் டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள். விழவில்லை என்றால் அது வெறும் அலங்காரம்.

வயர் அளவு: லைட், ஃபேன் 1.5 சதுர மில்லி, 16 ஆம்பியர் பிளக் 2.5, ஒன்றரை டன் ஏசிக்கு 4. ஏசி பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் உறையிலேயே அச்சிட்டிருக்கும். எர்த் குழி எங்கே என்று கேளுங்கள். 75 அடி நீள வீட்டில் திறந்த மண்ணே இல்லாமல் முற்றம்வரை டைல்ஸ் ஒட்டியிருந்தால் எர்த் குழியின் மேலும் ஒட்டியிருக்கிறார்கள்.

இரண்டு போர்ஷனை இடித்து ஒன்றாக்கும் எண்ணம் இருந்தால், ஒரே குடியிருப்புக்கு இரண்டு இணைப்பு என்று மின்வாரியம் கேட்கும். ஒவ்வொரு வீட்டு இணைப்புக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம், அதனால் கேட்பார்கள்.

#10 கொத்துக்கரண்டி

கழிவுநீர் விட்டுப்போச்சு. பின்போர்ஷன் லைன் முன்போர்ஷன் ஹாலுக்கு அடியில்தான் தெருவுக்குப் போகும், வேறு வழி இல்லை. பழைய 4 அங்குல பீங்கான் குழாய். புது டைல்ஸ் ஒட்டும்போது அதை மாற்றினார்களா? பின் டாய்லெட்டில் ஒரு வாளித் தண்ணீரில் சொட்டு நீலம் கலந்து ஊற்றி, வாசல் சேம்பரை (கழிவுநீர்க் குழாய் சேரும் தொட்டி) திறந்து நில்லுங்கள். சீக்கிரமே நீலமாக வந்தால் லைன் சுத்தம். இழுத்து இழுத்து வந்தால் சரிவு இல்லை அல்லது குழாய்க்குள் வேர் நுழைந்திருக்கிறது. வரவே இல்லை என்றால் ஹாலுக்கு அடியில் எங்கோ கசிகிறது. அந்த ஓதத்தைத்தான் புட்டி போட்டு மறைத்திருக்கிறார்கள்.

தெரு மட்டத்தையும் பாருங்கள். ரோடு மேல ரோடு போட்டு வீடு பள்ளமாகியிருந்தால் மழையில் சேம்பர் உள்பக்கமாகப் பொங்கும். டியூப் லெவல் (மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாய்) வைத்துச் சேம்பர் மூடிக்கும் பின் டாய்லெட் தரைக்கும் வித்தியாசம் அளந்துவிடுங்கள்.

#11 டிடிகேஸ்

எதுக்குங்க இவ்வளவு? மெட்ரோ வந்த ஏரியா, மனை விலைக்கு வாங்கி இடிச்சுட்டு புதுசா கட்டுங்க. முடிஞ்சது.

#12 தட்டோடு

16 அடி முகப்பு. இரண்டு பக்கமும் பொதுச்சுவர் என்றால், இடிக்கும் நாளிலிருந்து இரண்டு அடுத்த வீடுகளின் சட்டங்களுக்கும் நீங்கள் முட்டுக் கொடுக்க வேண்டும். பிறகு தூண்களை உள்ளே தள்ளிப் போட வேண்டும். இரண்டு பக்கமும் போனால் உள் அகலம் 14 அடிக்குக் கீழ். அதில் 3 அடி படிக்கட்டு. மிச்சத்தில் அறை. தொடர் கட்டடப் பகுதியாக அறிவித்த இடம் என்றால் பக்கவாட்டில் இடம் விட வேண்டியதில்லை, அது ஒரு நிம்மதி. ஆனால் அறிவித்த பகுதிதானா என்று திட்ட வரைபடத்தில் பார்த்துவிட்டுப் பேசலாம்.

மெட்ரோ பற்றி ஒன்று. வண்ணாரப்பேட்டை முதல் விம்கோ நகர் வரையிலான நீட்டிப்பு 2021 பிப்ரவரி 14-ல் திறந்தார்கள். தியாகராயா கல்லூரி, தண்டையார்பேட்டை நிலையங்கள் சுரங்கத்தில், அதற்குப் பிறகு மேம்பாலம். பாதையை ஒட்டிய மனை என்றால் புதுசாகக் கட்ட மெட்ரோ நிறுவனத்தின் தடையின்மைச் சான்றும் கேட்பார்கள். சுவரில் விரிசல் இருந்தால் சுரங்கம் தோண்டியதால் வந்து நின்றுபோன பழசா, இன்னும் நகர்கிறதா என்று தெரிய வேண்டும். விரிசலுக்குக் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸால் இரண்டு முனையும் ஒட்டி, தேதி எழுதி வையுங்கள். இரண்டு மாதத்தில் கண்ணாடி உடைந்தால் சுவர் நகர்கிறது.

#13 வட்டிக்கணக்கு

பணக்கணக்கு. 1.35 கோடிக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 12.15 லட்சம். இதற்கு வங்கி கடன் தராது. 75 லட்சத்துக்கு மேற்பட்ட வீட்டுக் கடனில் சொத்து மதிப்பில் 75 சதவீதம்தான் உச்சம். மதிப்பு என்பது நீங்கள் பேசிய விலை அல்ல, வங்கி மதிப்பீட்டாளர் போடும் மதிப்பு. மாடி முன்போர்ஷனுக்கு அங்கீகரித்த வரைபடம் இல்லை என்றால் அதற்கு அவர் சுழியம்கூடப் போடலாம். அப்போது 'முடிந்த வேலை'க்கு நீங்கள் கொடுத்த விலை முழுக்கக் கைப்பணம். அதனால் அட்வான்ஸுக்கு முன்பே மதிப்பீட்டாளரை அழைத்துக் காட்டுங்கள்.

50 லட்சமும் அதற்கு மேலும் என்றால் 1 சதவீதம் டிடிஎஸ் (விற்பவர் சார்பில் நீங்கள் பிடித்துக் கட்டும் வருமான வரி) பிடிக்க வேண்டும். விற்பவர் நாலு பேர், ஆளுக்கு 50 லட்சத்துக்குக் கீழ் என்ற வாதம் 2024 அக்டோபர் முதல் செல்லாது, மொத்த விலைதான் கணக்கு. ஒவ்வொருவர் பான் எண்ணுக்கும் தனித்தனிப் படிவம். சிங்கப்பூர்த் தங்கை வருமான வரிச் சட்டப்படி வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் அவர் பங்குக்கு இந்த 1 சதவீதம் பொருந்தாது. விகிதம் பல மடங்கு. ஆடிட்டரிடம் கேட்காமல் அவர் பங்கில் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். பிடிக்காமல் விட்டால் பொறுப்பு வாங்குபவருக்கு.

சொத்துவரி, குடிநீர் வரி நிலுவையையும் பாருங்கள். மாநகராட்சிப் பதிவில் இன்னும் தரைத்தளம் மட்டும் இருந்தால் மாடிக்கு வரி போடவே இல்லை. கண்டுபிடிக்கும் நாளில் வீடு உங்கள் பெயரில் இருக்கும்.

#14 அரைகிரவுண்டு

இடைத்தளம் என்ன என்று கேட்டேன். "எல்லாம் கான்கிரீட்தான்" என்கிறார்கள். ஃபால்ஸ் சீலிங்கை வெட்டிப் பார்க்க விடமாட்டேன் என்கிறார் மூத்தவர், 'வேலை கெட்டுப்போகும்' என்று. என்ன செய்யலாம்?

#15 தட்டோடு

வெட்டவே வேண்டாம். சீலிங்கில் 6 அங்குல டவுன்லைட் இருக்கும். மெயினை அணைத்துவிட்டு கீழ்நோக்கி இழுத்தால் இரண்டு ஸ்பிரிங் கிளிப்போடு கழன்று வரும், திரும்ப அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும். ஓட்டை வழியாக டார்ச் எரியவிட்டுப் போனை நுழைத்து நாலு பக்கமும் வீடியோ எடுங்கள். அறை நடுவில் உள்ள லைட் வேண்டாம், வெளிச்சுவரை ஒட்டியதைக் கழற்றுங்கள். அங்கே தேக்குச் சட்டம் தெரிந்தால் நுனியைப் பாருங்கள், மஞ்சள் கறையோ மண் கோடோ இருக்கிறதா என்று.

#16 கொத்துக்கரண்டி

மண் கோடு என்றால் கரையான். போகும்போது கையோடு ஏணி கொண்டுபோங்கள், அங்கே இருக்காது.